மூன்று மொழிப் பிள்ளையும் ஆங்கில வகுப்பறையும்



தமிழ் வளர்ச்சிக்கென அமைந்த மேடையில் ஆங்கிலம் கற்பிக்கும் முறைகளைப் பற்றி உரையாற்றுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். அதற்குக் காரணம் உண்டு. முதலாம் ஆண்டுப் பதிவுக்காகத் தமிழ்ப்பள்ளியின் வாசலில் வந்து நிற்கும் பெற்றோர் பலர் மனத்தில் கிடக்கும் கேள்வி ஒன்றுதான்: "இங்கே சேர்த்தால் பிள்ளைக்கு ஆங்கிலம் வருமா?" வாய்விட்டுக் கேட்பவரும் உளர், கேளாமலே வேறு பள்ளியை நாடிச் சென்றுவிடுபவரும் உளர். தமிழ் படிப்பதனால் ஆங்கிலம் தடைப்படும் என்னும் எண்ணம் நம் சமுதாயத்தில் வேரூன்றியிருக்கும் வரையில், தமிழ்ப்பள்ளிக்காக நாம் ஆற்றும் எவ்வளவு சிறந்த உரையும் பெற்றோரை நிறுத்தாது. அவர்களுக்குரிய விடையை ஆங்கில வகுப்பறைதான் தரவேண்டும்.

ஆகவே இன்றைய உரையில் நாம் நிறுவ விரும்புவது ஒரு கருத்தே. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை ஆங்கில வகுப்பிற்கு வெறுங்கையோடு வருவதில்லை. தமிழையும் மலாயையும் கொண்டுவருகிறது. அவ்விரண்டையும் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆங்கிலத்தைத் தொடங்கும் ஆசிரியர், பிள்ளையிடம் ஏற்கெனவே உள்ள முதலைக் கைவிட்டுக் கடனுக்கு வாணிகம் தொடங்குபவரை ஒப்பர். அந்த முதல் எது, அதனை எவ்வாறு எண்ணிச் செலவிடுவது என்பதைச் சில வகுப்பறைப் பயிற்சிகளின் வழி விளக்குவோம்.

தோட்டத்தில் ஆங்கிலம் இருந்த இடம்

பேரா மாநிலத்தின் வரலாற்றில் இரப்பருக்குத் தனியிடம் உண்டு. 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் நடப்பட்ட கன்றுகள் இந்நாட்டின் முதல் இரப்பர் மரங்களுள் அடங்கும். பிறகு சுங்கை சிப்புட் முதல் தஞ்சோங் மாலிம் வரை பால்மரக் காடுகள் எழுந்தன. தமிழகத்திலிருந்து வந்த நம் முன்னோர் லயங்களில் குடியமர்ந்தனர். 1912இலும் 1923இலும் வந்த தொழிலாளர் சட்டங்கள் தோட்டப் பிள்ளைகளுக்குப் பள்ளி வைக்கும் கடமையைத் தோட்ட நிருவாகத்தின் மேல் சுமத்தின. அவ்வாறு எழுந்த பள்ளிகள் தமிழில் எழுதவும் படிக்கவும் கற்பித்தன. அத்துடன் பெரும்பாலும் கல்வி முடிந்தது.

ஆங்கிலம் அதே தோட்டத்தில் இருந்தது. ஆனால் பிள்ளைக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அது துரையின் பங்களாவிலும் ஆபீசிலும் கணக்கேட்டிலும் வாழ்ந்தது. தொழிலாளியின் காதில் விழுந்த ஆங்கிலம் பெரும்பாலும் கட்டளையாகவே விழுந்தது. ஈப்போவில் 1895இல் மெதடிஸ்டுகள் தொடங்கிய ஆங்கிலோ சீனப் பள்ளி, 1909இல் தோன்றிய ஆண்டர்சன் பள்ளி, 1912இல் தோன்றிய செயின்ட் மைக்கேல் பள்ளி ஆகிய ஆங்கிலப் பள்ளிகள் புகழுடன் விளங்கின. ஆயினும் லயத்துப் பிள்ளைக்கும் அப்பள்ளிகளுக்கும் இடையே தூரமும் கட்டணமும் நின்றன. ஆங்கிலம் மேலிடத்து மொழி, தமிழ் லயத்து மொழி என்னும் எண்ணம் அங்கேதான் கருக்கொண்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட பின்னும், செம்பனையும் வீடமைப்புப் பகுதிகளும் பால்மரங்களின் இடத்தைப் பிடித்த பின்னும், மக்கள் ஈப்போவின் ஓரங்களுக்கும் சிறுநகரங்களுக்கும் குடிபெயர்ந்த பின்னும், அந்த எண்ணம் மட்டும் மூட்டை முடிச்சுகளோடு கூடவே வந்துவிட்டது. தமிழ்ப்பள்ளி வாசலில் எழும் கேள்வியின் வேர் இதுவே.

நாடு விடுதலை பெற்றபின் ஆங்கிலத்தின் நிலை பலமுறை மாறியது. 1970 முதல் ஆங்கிலப் பள்ளிகள் படிப்படியாகத் தேசிய மொழிக்கு மாறின. 2003இல் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்படத் தொடங்கின. பிறகு அத்திட்டம் படிப்படியாகக் கைவிடப்பட்டது. பின்னர் 2015 முதல் 2025 வரையிலான ஆங்கிலமொழிச் சீர்திருத்த வழிகாட்டித் திட்டம் வந்தது. அது ஐரோப்பியப் பொது அளவுகோலைத் தழுவி, தொடக்கப்பள்ளி முடிவில் ஏ2 நிலையை இலக்காக வைத்தது. ஏ2 என்பது அன்றாடத் தேவைகளைப் பற்றி எளிய வாக்கியங்களில் பேசவும் எழுதவும் இயலும் நிலை. திட்டங்கள் மாறின; பாடநூல்கள் மாறின. தமிழ்ப்பள்ளிப் பிள்ளை மூன்று மொழிகளை ஒரே காலத்தில் சுமக்கிறது என்னும் உண்மை மட்டும் மாறவில்லை. அதனைச் சுமை என்று கொள்வதா, முதல் என்று கொள்வதா என்பதே வினா.

மூன்று மொழிக் கணக்கு

அயர்லாந்தில் பிறந்து கனடாவில் பணியாற்றிய கல்வியறிஞர் ஜிம் கம்மின்ஸ் 1970களின் இறுதியிலிருந்து ஒரு கருத்தை வலியுறுத்தி வந்தார். ஒரு மொழியில் வாய்த்த வாசிப்புத் திறனும் சிந்தனைத் திறனும் மற்றொரு மொழிக்கும் பெயர்ந்து செல்லும் என்பதே அது. தமிழில் ஒரு பத்தியின் மையக் கருத்தைக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளை, அத்திறனை ஆங்கிலத்தில் மீண்டும் முதலிலிருந்து கற்கவேண்டியதில்லை. சொற்களைக் கற்றால் போதும். எனினும் இப்பெயர்ச்சி தானாக நடந்துவிடும் என்று இருந்துவிடலாகாது. ஆசிரியர் வழிகாட்டும் இடத்தில் அது விரைந்து நடக்கும். அதற்கு மூன்று மொழிகளின் அமைப்பையும் அருகருகே வைத்துப் பார்ப்பது இன்றியமையாதது.

முதலில் மலாய் தருவதைக் காண்போம். மலாய்மொழி உரோமன் எழுத்தில் எழுதப்படுவதால், பிள்ளைக்கு எழுத்து வடிவங்கள் பழகியிருக்கின்றன. வாக்கியத்தின் ஒழுங்கும் அவ்வாறே. தமிழில் 'நான் சோறு சாப்பிடுகிறேன்' என்று வினை இறுதியில் நிற்கிறது. மலாயில் 'சாயா மாக்கான் நாசி'. ஆங்கிலத்தில் 'ஐ ஈட் ரைஸ்'. இரண்டிலும் வினை நடுவில் நிற்கிறது. தமிழில் வேற்றுமை உருபு பெயருக்குப் பின் வரும், 'வீட்டில்' என்கிறோம். மலாயும் ஆங்கிலமும் அதற்குரிய சொல்லை முன்னே வைக்கின்றன. 'டி ரூமா', 'இன் தி ஹவுஸ்'. ஆகவே சொல்லொழுங்கு கற்பிக்கும்போது மலாய் வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதி, அதன் கீழே ஆங்கில வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பொருத்திக் காட்டுவது நேர்வழி.

தமிழ் தருவது வேறு. மலாயில் வினைச்சொல் காலத்தையும் இடத்தையும் காட்டித் திரிவதில்லை. 'பெர்கி' என்பது போனேன், போகிறான், போவார்கள் அனைத்திற்கும் அப்படியே நிற்கும். தமிழ்ப் பிள்ளையோ 'போகிறேன், போகிறாய், போகிறான்' என்று பேச்சு பழகும் நாளிலேயே வினையை மாற்றப் பழகிவிடுகிறது. 'ஐ கோ, ஹி கோஸ்' என்னும் வேறுபாடு அதற்குப் புதிய செய்தியன்று. ஆள் மாறினால் வினை மாறும் என்னும் விதியின் மிகச் சிறிய வடிவமே. அதுபோலவே மலாயில் 'டியா' என்னும் ஒரே சொல் ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது. அவன், அவள் என்று பிரித்துப் பழகிய பிள்ளைக்கு 'ஹி', 'ஷி' என்பன எளியவை. பன்மையிலும் தமிழ் ஈற்றில் விகுதி சேர்க்கிறது, ஆங்கிலமும் சேர்க்கிறது. மலாயில் 'டுவா பூக்கு' என்றால் பெயர் மாறாது. ஆக, காலம், எண், இடம், பால் ஆகியவற்றைக் கற்பிக்கும்போது தமிழைத் துணைக்கு அழைக்கவேண்டும்.

இனி, இரண்டு மொழிகளும் தராதவை. 'அவர் ஆசிரியர்' என்கிறது தமிழ். 'டியா குரு' என்கிறது மலாய். இரண்டிலும் இணைப்பு வினை இல்லை. ஆங்கிலம் 'ஷி இஸ் எ டீச்சர்' என்று இரண்டு சிறு சொற்களை நடுவே கேட்கிறது. நம் பிள்ளைகள் 'ஷி டீச்சர்' என்று எழுதுவது கவனக்குறைவால் அன்று. அவர்கள் அறிந்த இரு மொழிகளும் ஒருமித்து அதைத்தான் சொல்லித் தந்திருக்கின்றன. 'எ', 'தி' போன்ற சுட்டுச் சொற்களும், 'டிட் யூ கம்?' என வினாவில் முன்னே வரும் துணைவினையும் இவ்வகையின. எதிர்மறை வினாவிற்கு விடை கூறுவதும் அப்படியே. 'சாப்பிடவில்லையா?' என்று கேட்டால் நாம் 'ஆமாம், சாப்பிடவில்லை' என்கிறோம். ஆங்கிலேயர் அங்கே 'நோ' என்பர்.

இக்கணக்கு ஆசிரியருக்குத் தரும் பயன் நேரப் பகிர்வு. மலாய் தரும் இடத்தில் ஒரு பாடவேளை போதும். தமிழ் தரும் இடத்தில் இரண்டு போதும். இரண்டும் தராத இடத்திற்கு ஆண்டு முழுவதும் சிறுகச் சிறுகத் திரும்பத் திரும்ப நேரம் ஒதுக்கவேண்டும். எல்லா இலக்கணத்திற்கும் ஒரே அளவு நேரம் ஒதுக்கும் பாடத்திட்டம் மூன்று மொழிப் பிள்ளையை எண்ணி வகுக்கப்பட்டதன்று. அதனைச் சரிசெய்யும் உரிமை வகுப்பாசிரியரின் கையில் இருக்கிறது.

ஒலியிலும் ஓர் எச்சரிக்கை உண்டு. பல பிள்ளைகள் ஆங்கிலச் சொல்லின் கீழே அதன் ஒலியைத் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்கின்றனர். பொருளைத் தமிழில் எழுதுவது நன்று. ஒலியைத் தமிழில் எழுதுவது தீது. பன்றியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் 'பெரிய' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் தமிழ் எழுத்தில் ஒன்றாகிவிடும். மலாயிலோ காலையைக் குறிக்கும் சொல்லையும் 'கொடு' என்னும் சொல்லையும் அதே பிள்ளை குழப்பமின்றி வேறுபடுத்தி ஒலிக்கிறது. இரண்டின் முதலெழுத்தும் தமிழில் பகரமே. அந்த மலாய்ச் சொற்களைச் சொல்லச் செய்துவிட்டு ஆங்கிலச் சொற்களுக்கு வந்தால், நாக்கு வழியை அறிந்துகொள்ளும். மறுபுறம், மலாய் எழுத்துக்கூட்டல் நிலையானது, ஆங்கிலத்தினது அவ்வாறில்லை. மலாயில் சகரமாக ஒலிக்கும் அதே எழுத்து ஆங்கிலத்தில் பெரும்பாலும் ககரமாக ஒலிக்கும். பூனையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் பிள்ளை 'சாட்' என்று வாசித்தால், அது மலாய் விதிப்படி சரியாகவே வாசித்திருக்கிறது. "இது மலாய் வாசிப்பு, ஆங்கில வாசிப்பு எப்படி?" என்று கேட்கும் ஆசிரியர், பிள்ளையின் அறிவை மதித்தே அதைத் திருத்துகிறார்.

வகுப்பறைப் பயிற்சிகள் ஐந்து

முதற்பயிற்சி, சொற்சுவர். வகுப்பின் ஒரு சுவரில் மூன்று பத்திகளில் தமிழ், மலாய், ஆங்கிலச் சொற்களை வாரந்தோறும் சேர்ப்பது. தோட்டத்துத் தமிழில் வழங்கிய 'பெரட்டு' என்பது 'பரேட்' என்னும் ஆங்கிலச் சொல். அதிகாலையில் வேலையாட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் பார்த்த இடமே பெரட்டுக்களம். 'லயம்' என்பது 'லைன்ஸ்'. மருந்து கொடுத்த 'டிரசர்', பால் உறையவைத்த 'ஸ்டோர்' ஆகியவையும் ஆங்கிலமே. தாத்தாவின் வாயில் வழங்கிய சொற்கள் ஆங்கிலம் என்று அறியும்போது, அம்மொழி முற்றிலும் அயலானது என்னும் அச்சம் பிள்ளைக்குக் குறைகிறது. சொற்கள் மறுவழியிலும் சென்றுள்ளன. கட்டுமரமும் சுருட்டும் மிளகுத்தண்ணீரும் ஆங்கில அகராதியில் ஏறியுள்ளன. நம் கடை மலாயில் 'கெடாய்' ஆயிற்று. கப்பல் 'காப்பால்' ஆயிற்று. கட்டில் 'காட்டில்' ஆயிற்று. மொழிகள் ஒன்றுக்கொன்று கொடுத்தும் வாங்கியும் வாழ்கின்றன என்னும் பாடம், சொற்களின் எழுத்துக்கூட்டலோடு சேர்ந்தே பதியும்.

இரண்டாம் பயிற்சி, செய்து காட்டல். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் 1960களில் உருவாக்கிய முறை இது. ஆசிரியர் ஆங்கிலத்தில் ஏவுவார். பிள்ளைகள் பேசாமல் செய்வர். எழு, நட, கதவைத் தொடு, நூலை நண்பனிடம் கொடு என எளிய ஏவல்களில் தொடங்கி, "சிவப்புப் பென்சிலை நீலப் பையின் கீழ் வை" என்பது வரை செல்லலாம். பேசுமுன் கேட்டுப் புரிந்துகொள்ளும் காலம் ஒன்று பிள்ளைக்கு வேண்டும். முதலாம் ஆண்டில் வாய் திறவாத பிள்ளையை மந்தம் என்று முடிவுகட்டுவது தவறு. அதன் கை சரியான பென்சிலை எடுக்கிறதா என்று பார்க்கவேண்டும். சில வாரங்களுக்குப் பின் பிள்ளைகளே ஒருவரையொருவர் ஏவட்டும், ஆசிரியரையும் ஏவட்டும். தோட்டத்தில் கட்டளையாக மட்டும் கேட்ட மொழியில் இன்று அத்தோட்டத்தின் பேரப்பிள்ளை தானே ஆசிரியரை ஏவிச் சிரிப்பது சிறிய செய்தியன்று.

மூன்றாம் பயிற்சி, இடைவெளிப் பணி. இதற்குத் தென்னிந்தியாவே முன்னோடி. 1979 முதல் 1984 வரை பேராசிரியர் என். எஸ். பிரபு பெங்களூரிலும் சென்னையிலும் சில பள்ளிகளில் ஒரு பெருஞ்சோதனை நடத்தினார். இலக்கணத்தை நேரே கற்பிக்காமல், பிள்ளைகள் அறிவைச் செலுத்தித் தீர்க்கவேண்டிய பணிகளைக் கொடுத்தார். இரயில் நேர அட்டவணையும் நிலப்படமும் அப்பணிகளுக்குக் கருவிகளாயின. பணியை முடிக்கும் முனைப்பில் மொழி தானே பிடிபடும் என்பது அவர் கொள்கை. 1987இல் வெளிவந்த அவருடைய நூல் உலகெங்கும் ஆசிரியர்களால் படிக்கப்படுகிறது.

இதனை நம் ஊருக்கு மாற்றிக்கொள்வது எளிது. தைப்பிங், கோலகங்சார், சுங்கை சிப்புட், ஈப்போ, பத்து காஜா, கம்பார், தாப்பா ரோடு, சுங்கை, சிலிம் ரிவர், தஞ்சோங் மாலிம் என்று நம் மாநிலத்தின் குறுக்கே இரயில் நிலையங்கள் வரிசையாக உள்ளன. ஆசிரியர் ஓர் அட்டவணையை எழுதி, அதன் பாதி நேரங்களை ஒரு தாளிலும் மறுபாதியை வேறொரு தாளிலும் வைத்து, இருவருக்குக் கொடுக்கட்டும். ஒருவர் தாளை மற்றவர் பார்த்தல் கூடாது. கம்பாருக்கு எப்போது வரும், ஈப்போவிலிருந்து எப்போது புறப்படும் என்று ஆங்கிலத்தில் கேட்டே நிரப்பவேண்டும். பிறகு ஒரு வினா: "பாட்டியின் வீடு சுங்கை சிப்புட்டில். பதினொரு மணிக்குள் அங்கே இருக்கவேண்டும். எந்த வண்டியில் ஏறுவீர்கள்?" விடையை இருவரும் தமிழில் விவாதித்தாலும் தடையில்லை, முடிவைக் காரணத்தோடு ஆங்கிலத்தில் கூறவேண்டும். புந்தோங்கின் கச்சாங் பூத்தே கடையைக் கொண்டும் இவ்வாறே பணி அமைக்கலாம். ஒருவரிடம் விலைப்பட்டியல், மற்றவரிடம் வாங்கவேண்டியவற்றின் பட்டியலும் பத்து ரிங்கிட்டும். பணம் போதாதபோது எதை விடுவது என்னும் பேச்சில்தான் மொழி உண்மையாகப் பிறக்கிறது.

நான்காம் பயிற்சி, குடும்ப நூல். பிள்ளை வீட்டில் மூத்தவர் ஒருவரிடம் தமிழில் கேட்டு வரும். வகுப்பில் ஆசிரியர் துணையோடு அதனை ஆங்கிலத்தில் ஆறு வாக்கியங்களாக எழுதும். பால்வெட்டுத் தொழில் இதற்கு மிகப் பொருத்தமான பொருள், அது படிப்படியாக நடக்கும் தொழில் ஆதலால். விடியுமுன் எழுவர், குளிர்ந்த நேரத்தில் பால் நன்றாக ஓடும். தம் நிரையில் உள்ள மரங்களை ஒவ்வொன்றாக வெட்டி மங்கு வைப்பர். பால் நின்றபின் வாளியில் சேர்ப்பர். ஸ்டோரில் அமிலம் சேர்த்து உறையவைப்பர். தகடாக அழுத்திப் புகையில் உலர்த்துவர். 'முதலில்', 'பிறகு', 'அதன்பின்', 'முடிவில்' என்னும் வரிசைச் சொற்களும் இறந்தகால வினைகளும் இங்கே செயற்கையின்றி வந்து அமைகின்றன. முப்பது பிள்ளைகளின் பக்கங்களைச் சேர்த்துத் தைத்தால் வகுப்பிற்கு ஒரு வாசிப்பு நூல் கிடைத்துவிடும். புதிய பாடத்திட்டத்தின் ஆரம்ப ஆண்டுகளுக்கு இங்கிலாந்துப் பதிப்பகத்தின் 'சூப்பர் மைண்ட்ஸ்' நூல் பாடநூலாக வந்தது. அதனை நாம் குறை கூறவரவில்லை. அதற்கு அருகில் பேராவின் பிள்ளை தன் ஊரையும் தன் பாட்டியையும் ஆங்கிலத்தில் வாசிக்கும் நூலும் ஒன்று இருக்கவேண்டும் என்கிறோம். தோட்டங்கள் மறைந்துவரும் இக்காலத்தில், அந்நினைவுகளைக் கேட்டுவைக்கும் பணியும் உடன் நிறைவேறும்.

ஐந்தாம் பயிற்சி, மூத்தவர் வாசிப்பு. 150 மாணவர்க்குக் குறைவான பள்ளிகளை நம் கல்வியமைச்சு மாணவர் குறைந்த பள்ளிகள் என வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளுள் இத்தகையவை பல. சிலவற்றில் இரண்டு ஆண்டு மாணவர் ஒரே அறையில் அமர்வர். இதனைக் குறையென்றே கருதிப் பழகிவிட்டோம். ஐந்தாம் ஆண்டு மாணவர் ஒருவர் இரண்டாம் ஆண்டுப் பிள்ளைக்கு வாரம் ஒரு கதை வாசித்துக் காட்டும் ஏற்பாடு இங்கே எளிதில் இயலும். ஆங்கிலத்தில் தடுமாறும் மூத்த மாணவர் தம் வயதிற்குரிய நூலை வகுப்பின் முன் வாசிக்க நாணுவார். சிறுவனுக்கு வாசிப்பதற்காக எளிய நூலைப் பலமுறை ஒத்திகை பார்க்க அவருக்கு நாணம் இராது. மீண்டும் மீண்டும் வாசிப்பதே சரளத்தின் வழி. அதற்கு மதிப்புள்ள ஒரு காரணத்தை இவ்வேற்பாடு தருகிறது.

தமிழுக்கு எவ்வளவு இடம்?

இங்கே ஆசிரியர்களிடமிருந்து நியாயமான மறுப்பு எழும். வாரத்தில் ஆங்கிலத்திற்குக் கிடைப்பது சில பாடவேளைகளே. வீட்டிலும் வெளியிலும் ஆங்கிலம் கேளாத பிள்ளைக்கு அந்நேரத்திலும் தமிழைப் பேசினால் ஆங்கிலம் எங்கிருந்து வரும்? இம்மறுப்பில் உண்மை உண்டு. பாடம் முழுவதையும் தமிழில் விளக்கிவிட்டு, இறுதியில் கரும்பலகையிலுள்ள ஆங்கிலத்தைப் பார்த்தெழுதச் சொல்லும் வகுப்பு ஆங்கில வகுப்பாகாது. நாம் பரிந்துரைப்பது அதனையன்று.

தமிழ் வரவேண்டிய இடங்கள் மூன்று. ஒன்று, இலக்கண வேறுபாட்டை ஒரு நிமிடத்தில் ஒப்பிட்டுக் காட்டும் இடம். இரண்டு, கடினமான பணியைப் பற்றிப் பிள்ளைகள் தமக்குள் சிந்திக்கும் இடம். மூன்று, அச்சமுற்று ஒடுங்கிய பிள்ளையைத் தேற்றும் இடம். ஏவல், விளையாட்டு, கதை, பணியின் விடை ஆகியவை ஆங்கிலத்திலேயே இருக்கவேண்டும். தமிழ் ஏணியைப் போல் நிற்கட்டும். பிள்ளை அதன்மேலேயே குடியிருக்க வேண்டா.

பிழை திருத்தத்திலும் அளவு வேண்டும். ஒரு கட்டுரையில் இருபது சிவப்புக் கோடுகளைக் காணும் பிள்ளை அவற்றுள் எதையும் கற்பதில்லை. எழுதாமலிருப்பதே பாதுகாப்பு என்பதை மட்டும் கற்றுக்கொள்கிறது. இந்த வாரம் 'இஸ்' ஒன்றையே பார்ப்போம் என்று அறிவித்து, அதை மட்டும் திருத்துவது நலம். இரு மொழிகளும் தராத பகுதிகளுக்கே இந்தச் சிவப்பு மையை முதலில் செலவிடவேண்டும்.

பொறுமையும் வேண்டும். வேறுமொழிச் சூழலில் வாழும் பிள்ளைகளை ஆராய்ந்த கம்மின்ஸ், உரையாடல் ஆங்கிலம் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளில் வாய்த்தாலும், பாடங்களைக் கற்பதற்குரிய ஆங்கிலம் வாய்க்க ஐந்து ஆண்டுகளோ அதற்கு மேலோ ஆகும் என்றார். அங்கே தெருவெங்கும் ஆங்கிலம். இங்கே வகுப்பில் மட்டும் ஆங்கிலம் கேட்கும் பிள்ளைக்கு இரண்டாம் ஆண்டிலேயே தீர்ப்பு எழுதுவது அறமாகாது.

பெற்றோருக்கும் மன்றத்திற்கும்

பெற்றோருக்கு ஒரு விண்ணப்பம். தமக்கே நன்கு வாராத ஆங்கிலத்தில் வீட்டில் பிள்ளையோடு பேச முயலும் பெற்றோர் உளர். அவர்தம் நோக்கம் உயர்ந்தது. எனினும் அதனால் பேச்சு சுருங்குகிறது. 'கம்', 'கோ', 'ஈட்' என்று வீட்டிலும் கட்டளை மொழியாகவே ஆங்கிலம் நின்றுவிடுகிறது. பிள்ளைக்கு வேண்டியது நீண்ட பேச்சு. ஏன், எப்படி, பிறகு என்ன நடந்தது என்னும் பேச்சு. அதனைத் தமிழில் தாராளமாகக் கொடுங்கள். கதை சொல்லுங்கள், கதை கேளுங்கள். அதே பிள்ளை மறுநாள் ஆங்கில வகுப்பில் 'வொய்' என்னும் சொல்லைக் கேட்கும்போது, அதன்பின் வரவேண்டிய சிந்தனை ஏற்கெனவே அதனிடம் இருக்கும்.

மொழி மன்றங்களுக்கும் ஒரு கடமை உண்டு. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் ஒரே பள்ளியில் பணியாற்றியும் பாடத்தைப் பற்றி ஒருவரோடொருவர் பேசுவது அரிது. இந்த வாரம் தமிழில் இறந்தகாலம் நடக்கிறது என்று ஆங்கில ஆசிரியர் அறிந்தால், அடுத்த வாரம் அவர் வேலை பாதியாகும். தமிழறியாத ஆங்கில ஆசிரியர்களும் நம் பள்ளிகளில் பணியாற்றுகின்றனர். மூன்று மொழிகளின் அமைப்பை ஒப்பிடும் சிறு கையேடு ஒன்று அவர்களுக்குப் பேருதவியாகும். ஈப்போ ஆசிரியர் கல்விக் கழகமும், 1922இல் பயிற்சிக் கல்லூரியாகத் தோன்றிய தஞ்சோங் மாலிம் சுல்தான் இத்ரிஸ் பல்கலைக்கழகமும் நம் மாநிலத்திலேயே உள்ளன. அங்குப் பயிலும் தமிழ் மாணவர்களையும் ஆங்கில மாணவர்களையும் இக்கையேட்டுப் பணியில் ஒன்றுசேர்ப்பது இம்மன்றத்தால் இயலும்.

சிறந்த முறை என ஒன்று எங்கும் எவர்க்கும் பொருந்துமாறு இல்லை என்று பிரபு 1990இல் எழுதினார். கற்பித்தல் பிள்ளையிடம் எவ்வாறு பயன் விளைக்கிறது என்பதைப் பற்றி ஆசிரியருக்கு உள்ள உயிருள்ள உணர்வையே அவர் முதன்மையாகக் கொண்டார். நாம் கூறிய ஐந்து பயிற்சிகளும் அவ்வளவே. ஒன்றை எடுத்து நாளைக்கே செய்து பாருங்கள், உங்கள் பள்ளிக்கு ஏற்ப மாற்றுங்கள், பயன்படாததை விடுங்கள்.

தமிழ்ப்பள்ளியில் படித்த பிள்ளை ஈப்போ நகரத்தின் எந்த அலுவலகத்திலும் தலைநிமிர்ந்து ஆங்கிலம் பேசும்போது, வாசலில் நிற்கும் பெற்றோரின் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். அந்தப் பிள்ளை தன் பாட்டியின் பெரட்டுக் கதையைத் தமிழில் கேட்டு அதையே ஆங்கிலத்தில் சொல்ல வல்லதாயின், தமிழுக்கும் அதைவிடப் பெரிய தொண்டு வேறில்லை.